மண்டகப்பட்டுக்கு பைக்கில் போறீங்களா? அந்தக் கடைசி 20 கிலோமீட்டரைக் கொஞ்சம் கவனிங்க!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யச் சின்னம் அந்தஸ்து கிடைத்தது. மராத்தியர்களின் ராணுவ அரண்கள் என்று 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்த ஒரே கோட்டை நம்ம செஞ்சிதான். உங்கள் ஃபீடில் ஒரு செஞ்சி ரைடு ரீல்ஸாவது ஓடியிருக்கும். 'இந்த ஞாயித்துக்கிழமை போலாமா மச்சான்?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது கேட்டும் இருப்பார்கள்.

தாராளமா போங்க. போகும்போது விழுப்புரம் வழியாகப் போனால் மண்டகப்பட்டில் வண்டியை நிறுத்த மறக்காதீங்க. 7-ம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து செய்த கோயில் அங்கே இருக்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை எதுவுமில்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று அந்த ராஜாவே கல்வெட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். சின்ன இடம்தான், ஆனால் தமிழ்நாட்டுக் குடைவரைக் கோயில்களின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குவார்கள்.

சென்னையிலிருந்து விழுப்புரம் சுமார் 160 கி.மீ. அங்கிருந்து செஞ்சி ரோட்டில் திரும்பினால் மண்டகப்பட்டு சுமார் 20 கி.மீ. ரைடுக்குக் கிளம்பும்போது வீட்டில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: 'ஜி.எஸ்.டி ரோட்டுல பாத்துப் போப்பா.' சரியான அறிவுரைதான். ஆனால் அது பாதி அறிவுரை. மீதிப் பாதி அந்தக் கடைசி 20 கிலோமீட்டரில் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை.

ஊருக்குள்ள போனா சேஃப்... அப்படியா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 44.5 சதவிகிதம் பேர் டூவீலரில் போனவர்கள். 19.5 சதவிகிதம் பேர் நடந்து போனவர்கள். ரோட்டில் இறக்கும் 100 பேரில் 64 பேர் பைக்கிலோ, காலிலோ போனவர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு கணக்கு. அந்த மரணங்களில் சுமார் 68 சதவிகிதம் கிராமப்புறங்களில் நடந்தவை. நெரிசலான நகரத்தில்தான் ஆபத்து, ஊர்ப்பக்கம் ரோடு ஃப்ரீயாக இருக்கும் என்று நினைக்கிறோம் இல்லையா? ரோடு ஃப்ரீயாக இருப்பதுதான் சிக்கலே. ஃப்ரீயாக இருந்தால் கை தானாக ஆக்ஸிலேட்டரைத் திருகும். அதே ஆண்டில் நடந்த சாலை மரணங்களில் 71.2 சதவிகிதத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்று பதிவாகியிருக்கிறது.

நம்ம மாநிலம் எங்கே நிற்கிறது? விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 விபத்துகளோடு நாட்டிலேயே முதல் இடம். மரணங்களில் 17,884 பேரோடு உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது இடம். பெருமைப்பட முடியாத ரேங்க்.

ஒரு 40 மீட்டர் கணக்கு

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு இயற்பியல்தான்.

நீங்கள் மண்டகப்பட்டு நோக்கிப் போகிறீர்கள். 40 மீட்டர் தூரத்தில் ஒரு பாட்டி தலையில் புல்லுக்கட்டோடு ரோட்டைக் கடக்கிறார். கட்டு மறைப்பதால் உங்களை அவர் பார்க்கவில்லை. நீங்கள் அவரைப் பார்த்து, மூளை சுதாரித்து, விரல் பிரேக்கை அழுத்த 1 விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ரோடு காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது, பிரேக் பிடிக்கத் தெரிந்த கை. ஒரு விநாடிக்கு மணிக்கு சுமார் 22 கி.மீ வீதம் வேகம் குறைகிறது. எல்லாமே உங்களுக்குச் சாதகமான கணக்குதான்.

* 60 கி.மீ வேகத்தில் வந்தால்: அந்த 1 விநாடியில் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர். சரியாக 40 மீட்டரில் நிற்பீர்கள். பாட்டி உங்களைத் திட்டுவார். வாங்கிக்கொண்டு போகலாம்.

* 80 கி.மீ வேகத்தில் வந்தால்: அந்த 1 விநாடியிலேயே 22 மீட்டர் போய்விடும். மிச்சம் 18 மீட்டர். பாட்டி நிற்கும் இடத்தை அடையும்போது வண்டியின் வேகம் எவ்வளவு இருக்கும் தெரியுமா? 60 கி.மீ!

* 100 கி.மீ வேகத்தில் வந்தால்: பிரேக் வேலை செய்ய 12 மீட்டர்தான் கிடைக்கும். பாட்டியை அடையும்போது வேகம் 90 கி.மீ. பிரேக் பிடித்ததும் பிடிக்காததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. 60-ல் வந்தவர் முழுசாக நின்ற அதே இடத்தில், 80-ல் வந்தவர் இன்னும் 60-ல் போய்க்கொண்டிருக்கிறார். ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் வெறும் 20. ரோட்டில் அது ஒரு உயிருக்கும் ஒரு மரணத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசின் 2018 அறிவிப்பின்படி, நடுவில் தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் பைக்குக்கு அதிகபட்ச வேகம் 80 கி.மீ. தடுப்பில்லாத மற்ற சாலைகளில் 60 கி.மீ. ஊர், பள்ளிக்கூடம் வரும் இடங்களில் இன்னும் குறைவான வேகத்துக்கு போர்டு இருந்தால் அதுதான் கணக்கு. அந்த 60 ஏதோ அதிகாரிகள் குத்துமதிப்பாகப் போட்ட நம்பர் மாதிரி தெரியும். மேலே போட்ட கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் அதன் அர்த்தம் புரியும்.

சரி, வேகமாகப் போய் என்ன மிச்சம்? 20 கிலோமீட்டரை 60-ல் போனால் 20 நிமிடம். 80-ல் போனால் 15 நிமிடம். மிச்சம் 5 நிமிடம். மகேந்திரவர்மனின் கோயில் 1,400 வருஷமா அங்கேயேதான் இருக்கு பாஸ், உங்களுக்காக இன்னும் 5 நிமிடம் இருக்காதா?

இந்த ரோட்டில் என்னவெல்லாம் வரும்?

ஹைவேயில் நான்கு மணி நேரம் ஓட்டிய கண்ணுக்கும் கைக்கும் வேகம் பழகிப்போயிருக்கும். விழுப்புரத்தில் திரும்பியதும் 70-ல் போவதே மெதுவாகப் போவது மாதிரி தோன்றும். அந்த நேரத்தில்தான் ரோடு வேறு மாதிரி மாறுகிறது.

மல்லாட்டையும் நெல்லும்: களம் இல்லாத ஊர்களில் அறுவடைக்காலத்தில் ரோடுதான் களம். நெல், உளுந்து, மல்லாட்டை எல்லாம் தார்ரோட்டின் ஓரத்தில் காயும். வைக்கோலும் கொட்டிக் கிடக்கும். இதன்மேல் பிரேக்கை அழுத்தினால் டயருக்குப் பிடிமானமே இருக்காது. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹேண்டிலைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேராகக் கடந்துவிடுங்கள். காவலுக்கு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து ஹாரனை அலறவிடுவதால் டயருக்குப் பிடிமானம் வரப்போவதில்லை.

கரும்பு டிராக்டர்: முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இந்தப் பக்கமெல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் லைட்டோ ரிஃப்ளெக்டரோ இல்லாத டிரெய்லரும் இருக்கும். இருட்டில் பக்கத்தில் போகும்வரை தெரியாது. ஓவர்டேக் செய்யும்போது டிரெய்லரின் நீளத்தையும், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பையும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்.

ஆடு, மாடு, நாய்: ஒரு ஆடு ரோட்டைக் கடந்தால் அடுத்த ஆடும் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருங்கள். முதல் ஆட்டுக்குப் பின்னால் சந்து கிடைத்தது என்று நுழைவதுதான் தப்பு.

வேகத்தடை: பெயின்ட் அழிந்துபோன வேகத்தடை கண்ணுக்குத் தெரியாது. முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் லைட்டைப் பாருங்கள். இந்த ரோட்டில் தினமும் போகும் டிரைவருக்கு ஒவ்வொரு மேடும் மனப்பாடம். அவர் ஸ்லோ செய்தால் நீங்களும் செய்யுங்கள்.

உள்ளூர் டூவீலர்: வயலிலிருந்து ஏறிவரும் மொபெட், எதிர்ப்பக்கம் ஓரமாகவே வரும் சைக்கிள், பால் கேனோடு போகும் அண்ணன். அவர்கள் செய்வதில் விதிமீறல் இருக்கலாம். ஆனால் அவர்களுக்கு இது வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழி. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. யார் ஒருபடி இறங்கிவர வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

ரீல்ஸ் யாருக்கு, காயம் யாருக்கு?

2023 செப்டம்பர் 17-ம் தேதி. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் அருகே தாமல் பகுதியில் யூடியூபர் டி.டி.எஃப் வாசன் வீலிங் செய்ய முயன்று தூக்கி வீசப்பட்டார். வீடியோ எல்லா போன்களிலும் ஓடியது. கை உடைந்தது, கைதானார், சிறைக்குப் போனார். ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்தபோது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.வி.கார்த்திகேயன், அந்த பைக்கையே எரித்துவிட வேண்டும் என்கிற அளவுக்குக் கடுமையாகப் பேசினார். நவம்பரில் நிபந்தனை ஜாமீன் கிடைத்தது. ஆனால் லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு, அதாவது 2033 அக்டோபர் வரை ரத்தானது.

அந்த நேரத்தில் நாம் எல்லோரும் பேசியது அவரைப் பற்றி மட்டும்தான். ஆதரவா, எதிர்ப்பா என்று கமென்ட்டில் சண்டை போட்டோம். நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எடுத்துவைத்த ஒரு வாதம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. விலையுயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அவர் தப்பினார். அதைப் பார்த்துச் செய்யும் பையனிடம் அந்த உடை இருக்காது என்பதுதான் அது.

நான் அதற்கு மேல் ஒன்று சேர்ப்பேன். ஜாக்கெட், நீ கார்டு, பூட்ஸ் எல்லாம் போட்டிருப்பவர் விழுந்தாலும் எழுந்துவிடலாம். எதிரில் வரும் பால்கார அண்ணன் போட்டிருப்பது சட்டையும் வேட்டியும். ரைடிங் கியர் உங்களைக் காப்பாற்றும், கட்டாயம் போடுங்கள். அவரைக் காப்பாற்றுவதற்கு உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் வேகம்.

வேகம்தான் பிடிக்கும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக், கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே. அங்கே எதிரே வண்டி வராது, பாட்டி கடக்க மாட்டார், விழுந்தால் தூக்க ஆள் இருக்கும்.

ஹெல்மெட்: மாட்டுவது வேறு, போடுவது வேறு

நீதிபதி என்.கிருபாகரன் உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமானது. அந்த ஜூலையில் ஹெல்மெட் கடைகளில் நின்ற கூட்டம் ஞாபகமிருக்கிறதா? பிறகு கெடுபிடி குறையக் குறைய, ஹெல்மெட் தலையிலிருந்து கண்ணாடிக்கும், அங்கிருந்து பெட்ரோல் டேங்குக்கும் இறங்கிவிட்டது. 2022 அக்டோபரில் அபராதத்தை 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அதே 2022-ல் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

வியட்நாமும் நம்மைப் போல டூவீலர் நாடுதான். 2007 டிசம்பர் 15-ம் தேதி எல்லாச் சாலைகளிலும், பின்னால் உட்கார்பவருக்கும் சேர்த்து ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினார்கள். கொஞ்ச நாளிலேயே 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் போட ஆரம்பித்தார்கள். பிறகு அங்கே வேறொரு தலைவலி வந்தது: போலீஸுக்காகப் போடும் தரமில்லாத ஹெல்மெட். நமக்கும் அதே கதைதான். ரோட்டோரம் 200, 300 ரூபாய்க்குக் கிடைப்பது அபராதத்துக்கு ஹெல்மெட், மண்டைக்குத் தொப்பி.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ முத்திரையும் ஐ.எஸ் 4151 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. ஸ்ட்ராப்பை லாக் செய்யாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று ஓடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் மட்டும்தானே என்று திரும்பப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருந்தால் அதன் வேலை அத்தோடு முடிந்தது. தரமான ஹெல்மெட்டைச் சரியாகப் போட்டால் தலைக்காய ஆபத்து 69 சதவிகிதம், மரண ஆபத்து 42 சதவிகிதம் குறைகிறது என்று உலகளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

குரூப்பா போறீங்களா?

தனியாக ஓட்டும்போது 60-ல் போகிறவர்கூட குரூப்பில் 90-ஐத் தொடுவார். முன்னால் 390 சிசி வண்டி பறக்கும். பின்னால் 125 சிசி வைத்திருப்பவர் 'நம்மை விட்டுட்டுப் போயிடுவாங்களோ' என்று முறுக்குவார். விபத்தில் சிக்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி வண்டிதான். இதைத் தவிர்க்கச் சில எளிய வழிகள்:

* சிசி குறைந்த வண்டியையும் புது ஆளையும் முன்பக்கம் விடுங்கள். அவர்கள் வேகம்தான் குரூப்பின் வேகம். அனுபவசாலி ஒருவர் கடைசியில் வரட்டும்.
* நிற்கும் இடங்களை முன்பே முடிவு செய்யுங்கள். மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம் என்று மூன்று இடம் பேசிவைத்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டாம்.
* ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போகாமல், இடம் வலமாக மாறி மாறி இடைவெளி விட்டுப் போங்கள். முன்னால் போகிறவரிடமிருந்து குறைந்தது 2 விநாடி தூரம் வேண்டும். வளைவிலும் குறுகலான ரோட்டிலும் ஒற்றை வரிசை.
* முன்னால் போனவர் ஓவர்டேக் செய்துவிட்டார் என்பதற்காக நீங்களும் ஏறாதீர்கள். அவர் பார்த்த ரோடு வேறு, நீங்கள் ஏறும்போது இருக்கும் ரோடு வேறு.
* ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு 3 மணிக்குக் கிளம்பாதீர்கள். விடியற்காலையில் கண் செருகுவதை டீயால் நிறுத்த முடியாது. தூங்கி எழுந்து 5 மணிக்குக் கிளம்பினாலே போதும்.
* லைசென்ஸ் இல்லாத நண்பரிடம் 'கொஞ்ச தூரம் ஓட்டுடா' என்று வண்டியைக் கொடுக்காதீர்கள். உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம். விபத்தாகிவிட்டால் இழப்பீட்டுத் தொகை உரிமையாளர் தலையில் விழும் வாய்ப்பும் உண்டு. 18 வயதாகாத தம்பி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் உண்டு.

அலட்சியமாக ஓட்டி உயிர்போனால் முன்பு அதிகபட்சம் 2 ஆண்டுகள் சிறை. 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 5 ஆண்டுகள். கல்லூரி, வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்கக்கூடிய வழக்கு அது.

ரோட்டில் யாராவது விழுந்து கிடந்தால்..?

போனை எடுங்க, வீடியோவுக்கு இல்லை, 108-க்கு. 'போலீஸ், கேஸுன்னு அலையணுமே' என்ற பயம் வேண்டாம். உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அடிபட்டவர் மூச்சுவிடச் சிரமப்படாதவரை ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தில் அடி இருக்கலாம். தண்ணீர் புகட்டாதீர்கள். ஒருவரை ரோட்டின் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்தச் சொல்லி அனுப்புங்கள்.

செலவைப் பற்றிய பயம் இருந்தால் ஒரு திட்டத்தின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48.' 2021 டிசம்பர் 18-ல், இதே ஜி.எஸ்.டி ரோட்டில் இருக்கும் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கும் யாருக்கும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். விழுப்புரம் பக்கம் என்றால் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

எல்லாப் பழியும் பைக்காரன் மேலேயா?

நியாயமான கேள்வி. பெயின்ட் இல்லாத வேகத்தடைக்கு நெடுஞ்சாலைத் துறை பதில் சொல்ல வேண்டும். லைட் இல்லாத டிரெய்லரைப் பிடிக்க வேண்டியது போக்குவரத்துத் துறை. நெல் காயவைக்கக் களம் கட்டித் தர வேண்டியது அரசு. இதையெல்லாம் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். செஞ்சிக்கு உலக அந்தஸ்து கிடைத்த பிறகு அங்கே போகும் ரோட்டுக்கும் கொஞ்சம் அந்தஸ்து கிடைக்கணும் இல்லையா?

ஆனால் அந்த வேலைகள் முடிய வருஷங்கள் ஆகும். உங்கள் ரைடு இந்த ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த ரோட்டில் உடனே மாற்றக்கூடிய ஒரே விஷயம் உங்கள் வலது கை.

அதனால் கிளம்புவதற்கு முன்னால் டயரில் காற்று, செயினில் ஆயில், இரண்டு பிரேக், முன்லைட், பின்லைட், இண்டிகேட்டர் எல்லாம் ஒருமுறை பாருங்கள். ஸ்டாண்டை எடுங்கள். விழுப்புரத்தில் திரும்பும் இடத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, பத்து நிமிடம் உட்கார்ந்து, ஹைவே வேகத்தை மனசிலிருந்து இறக்கிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். மண்டகப்பட்டு ஊருக்குள் போகும்போது சைலன்சரை உறுமவிடாதீர்கள், அங்கே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். துவாரபாலகர்களோடு ஒரு போட்டோ எடுத்து, வீட்டுக்கு 'வந்துட்டோம்' என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். அதற்காகத்தான் அங்கே ஒருத்தங்க போனையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க.